எழுநூறு கிலோ சொந்தக்காரர்கள்

எங்கள் வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் பிறந்தோம். எனக்கு மூத்தவர்கள் நான்கு அக்காமார். அதில் மூன்றாவது அக்காவுக்கு இரண்டாவதாகப் பிறந்தவன்தான் நான் சொல்லப்போகும் வெல்டர். நான் அவனுக்குத் தாய்மாமன். அவனைத் தூக்கி வளர்த்ததில் என் தோள்பட்டைக்கும் பங்கு உண்டு. அவன் கனத்த பிள்ளை.

பதினைந்து வயதில் பட்டறைக்குப் போனான். கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி என்று எல்லாம் கற்றுக்கொண்டான். அங்கிருந்து ஒரு வியாதியையும் கொண்டுவந்தான். எந்த இரும்பைக் கண்டாலும் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்பான். நல்ல இரும்பு 'டங்' என்று நீளமாகப் பாடுமாம். கீறல் விழுந்த இரும்பு பாதியிலேயே வாயை மூடிக்கொள்ளுமாம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் "உட்காருங்க மாப்பிள்ளை" என்று நாற்காலியைப் போட்டார்கள். இவன் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, நான்கு காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இதுல நீங்க உட்காராதீங்க" என்றான். மாமியார் இன்றுவரை அதை மறக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு 'டங்கு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தெருப் பிள்ளைகளுக்கு அவன் டங்கு மாமா.

அவன் பட்டறைக்கு நாலு வீடு தள்ளிக் குழந்தைகள் காப்பகம் இருந்தது. நாற்பத்து மூன்று பிள்ளைகள். அப்பா அம்மா இல்லாதவர்கள் பாதி, இருந்தும் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் மீதி. பின்பக்கம் ஒரு மைதானம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், ஒரே ஒரு கேட். அந்தச் சுவருக்குக் காரணம் உண்டு. சில பிள்ளைகளுக்குக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வெளியே விட்டால் இழுத்துக்கொண்டு போக ஆள் காத்திருக்கும். மற்றவர்களைத் தெருவில் விடலாமென்றால், லாரி ஓயாத தெரு. ஆக, அந்தப் பிள்ளைகள் ஓடுவதற்கு என்று உலகத்தில் இருந்த இடம் அந்த ஒரு மைதானம்தான்.

அங்கே இருந்த ஊஞ்சல், ராட்டினம், சறுக்கு மரம், சீசா பலகை, தொங்குகம்பி எல்லாம் டங்குவின் கைவேலை. இரண்டரை வருடத்துக்கு முன் ஆசை ஆசையாகச் செய்து கொடுத்தான்.

ஒரு நாள் மத்தியானம் ஊஞ்சலின் சங்கிலி ஒரு பக்கம் கழன்றது. அதில் ஆடிக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தோள் எலும்பு முறிந்தது. எல்லோரும் 'அணில்' என்று கூப்பிடும் பிள்ளை. டங்கு ஓடிப்போய்ப் பார்த்தான். சங்கிலியை மேலே மாட்டும் கொக்கி ஆங்கில எஸ் எழுத்து மாதிரி வளைந்திருக்கும். மாட்டியபின் இரண்டு வாயையும் அடித்து மூட வேண்டும். அதில் ஒரு வாய் மூடாமலே இருந்தது. அவனுக்கு அந்த நிமிடமே நினைவு வந்துவிட்டது. அதை அடித்து மூடப் போன நேரத்தில்தான் அவனுக்குப் பெண் பிறந்திருக்கிறாள் என்று போன் வந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினான். மறுநாள் வந்து பெயின்ட் அடித்தான். கொக்கியை மறந்தான்.

வேறொருவன் என்றால் கொக்கி தேய்ந்துவிட்டது என்று சொல்லியிருப்பான். இவன் நேராக வார்டனம்மாவிடம் போனான்.

"நான்தான்மா மூடாம விட்டேன். என் தப்பு."

அந்த அம்மா திட்டவில்லை. "தோள் எலும்பு ஒட்டிடும் தம்பி. கிரவுண்டைப் பூட்டிட்டாங்களே, அதை யாரு ஒட்டுறது?" என்று மட்டும் கேட்டார்.

பூட்டித்தான் விட்டார்கள். எட்டு மாதம். நாற்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரு நீளமான நடையில், காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, சத்தம் போடாமல் விளையாட வேண்டும். சத்தம் போட்டால் மாடியில் இருக்கும் அலுவலகத்திலிருந்து ஆள் வரும். வார்டனம்மா சொல்வார், முன்பெல்லாம் படுத்தவுடன் தூங்கிவிடும் பிள்ளைகள் இப்போது படுக்கையில் புரள்கின்றன, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் பெரிய பிள்ளைகளுக்கே திரும்ப வந்துவிட்டது, சோற்றுத் தட்டுக்கு அடிதடி என்று. டங்கு இதையெல்லாம் கேட்டுவிட்டு வந்து என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்து போவான்.

அணில் மட்டும் அசரவில்லை. கட்டுப் பிரித்த அன்றே வார்டனம்மாவிடம் சண்டைக்குப் போனாளாம்.

"நான் விழலை. ஊஞ்சல்தான் விழுந்துச்சு. நான் அது மேல இருந்தேன், அவ்வளவுதான். எதுக்குப் பூட்டுறீங்க?"

எட்டாவது மாதம் அரசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மாதக் கடைசிக்குள் பாதுகாப்புச் சான்று வாங்காவிட்டால் மைதானத்தில் பக்கத்து அலுவலகத்துக்குச் சாமான் கொட்டகை கட்டுவார்கள். கொட்டகை வந்துவிட்டால் பிறகு மைதானம் ஏது? சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து சோதிப்பார் என்று போட்டிருந்தது. ராட்டினம் அறுநூறு கிலோ எடையைப் பத்து நிமிடம் தாங்க வேண்டும். மற்றவற்றுக்கு ஒவ்வொரு கணக்கு.

டங்கு எல்லா போல்ட்டுகளையும் மாற்றினான், கொக்கிகளை இரண்டு முறை அடித்து மூடினான். மணல் மூட்டைகளுக்குச் சொல்லி வைத்தான். புதன்கிழமை சாயங்காலம் திடீரென்று என் வீட்டுக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பளபள என்றிருந்தது.

"மாமா, மூட்டை குதிக்காது!"

"என்னடா உளர்றே?"

"மணல் மூட்டையை வச்சா அது சும்மா உட்கார்ந்திருக்கும் மாமா. பிள்ளைங்க சும்மா உட்காருமா? தள்ளும், எகிறும், ஒரே பக்கமா ஏறும், நான் முந்தி நீ முந்தின்னு அடிச்சுக்கும். இரும்பு உடையறது அப்பதான். எனக்கு மூட்டை வேணாம். அடிச்சுக்கிற ஆளுங்க வேணும்."

"அதுக்கு எங்கடா போவே?"

"எதுக்குப் போகணும்? நம்ம சொந்தக்காரங்க இருக்காங்களே!"

நான் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. ஆனால் அவன் சொன்னது சரி. அடித்துக்கொள்வதற்கு எங்கள் குடும்பத்தை விட்டால் ஆள் கிடையாது. அதிகாரிக்குப் போன் போட்டான். சின்ன வயதுப் பெண், கறார்ப் பேச்சு. "விதியில எடைன்னுதான் இருக்கு, மணல்னு இல்லை. பெரியவங்க அவங்க சம்மதத்தோட ஏறட்டும், தரையிலேர்ந்து ஆள் உயரத்துக்கு மேல போகக் கூடாது. ஒவ்வொருத்தர் எடையும் எழுத்துல வேணும்" என்றார்.

எழுத்தில் எடை தருவதற்குத் தெருவில் இருந்த ஒரே பெரிய தராசு, பழைய இரும்புக் கடையில் இருந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது பேர் அங்கே வரிசையில் நின்றோம். நான், என் மனைவி, டங்குவின் அம்மாவான என் அக்கா, டங்குவின் மனைவி, அவள் தங்கை, என் பெரிய அக்காவின் இரட்டைப் பையன்கள், டங்குவின் பெரியப்பா மகனான லாரி டிரைவர், டங்குவின் மச்சானான பேக்கரிக்காரன். இந்தக் கடைசி இரண்டு பேருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. ஓர் ஏணியை இரவல் வாங்கினது யார், உடைத்தது யார் என்ற வழக்கு. வரிசையில்கூட முதலில் ஒருவரும் கடைசியில் ஒருவருமாக நின்றார்கள்.

என் மனைவி தராசைப் பார்த்ததும் பின்வாங்கினாள்.

"இரும்புக் கடையில என்னை நிறுத்துப் பார்ப்பீங்களா? நான் என்ன பழைய இரும்பா?"

"பழசுதான். இரும்பு இல்லை" என்றேன். வாய் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை வரை வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை கிடையாது.

கடைக்காரர் ஒவ்வொருவராக நிறுத்திச் சீட்டு எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் டங்கு கவனித்தான், ஒவ்வொரு சீட்டிலும் 'கழிவு இரண்டு கிலோ' என்று போட்டிருந்தது. பழக்க தோஷம். பழைய சாமானில் துரு, மண் என்று கழிப்பது மாதிரி எங்களிடமும் கழித்துவிட்டார்.

"அண்ணே, மனுசனுக்கு எதுக்குண்ணே கழிவு?"

"இருக்குப்பா. இல்லாம எந்தச் சாமானும் என் கடைக்கு வர்றதில்லை."

பெண்கள் நால்வரும் சீட்டைத் திருத்தவே கூடாது என்று ஒற்றுமையாகச் சொல்லிவிட்டார்கள். கழிவு போக மொத்தம் எழுநூற்று இரண்டு கிலோ. கேட்டது அறுநூறுதானே, குறைத்துக் காட்டினால் பாதகமில்லை என்று டங்குவும் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கையில் அட்டை, அதில் செருகிய தாள்கள், கழுத்தில் ஒரு பேனா. பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேரும் மூடிய கேட்டின் கம்பிகளில் முகத்தைச் செருகிக்கொண்டு நின்றார்கள். கேட்டே தெரியவில்லை, முகங்கள்தான் தெரிந்தன. முன்னால் அணில், கம்பியில் ஏறி நின்றாள்.

முதலில் சறுக்கு மரம். என் அக்கா, அறுபத்து நாலு கிலோ, மேலே ஏறி உட்கார்ந்து, "யாரும் பார்க்காதீங்க" என்று சொல்லிவிட்டுச் சறுக்கினாள். கீழே வந்ததும், "இன்னொரு தரம் பார்க்கட்டுமா? சரியா சோதிக்கலையோன்னு தோணுது" என்றாள். மூன்று முறை சோதித்தாள். தொங்குகம்பியில் இரட்டையர்கள் இரண்டு பேரும் பத்து நிமிடம் கையும் காலுமாக மாற்றி மாற்றித் தொங்கினார்கள். கேட்டிலிருந்து பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். அறுநூறு வரை எண்ணி முடித்தபோது பாதிப் பேருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அடுத்தது சீசா பலகை. இரண்டு பக்கமும் சம எடை வேண்டும் என்றார் அதிகாரி. சீட்டுகளைப் புரட்டினார். "நூற்று நாலு, நூற்று மூணு. இவங்க ரெண்டு பேரும் வாங்க."

லாரி டிரைவரும் பேக்கரிக்காரனும்!

இரண்டு பேரும் எங்கேயோ பார்த்தபடி வந்து உட்கார்ந்தார்கள். பலகை மேலே போகும்போது ஒருவன் வானத்தைப் பார்த்தான், கீழே வரும்போது மற்றவன் மண்ணைப் பார்த்தான். ஏழெட்டுத் தரம் ஆடியிருப்பார்கள்.

"காலை ஊணாதய்யா. மேடம் பார்க்குறாங்க" என்றான் பேக்கரிக்காரன், மண்ணைப் பார்த்தபடியே.

"நான் ஊணலை. நீ எழும்பு முதல்ல."

"எழும்பினா என் பக்கம் உடைஞ்சுச்சும்பே. ஏணிக்குச் சொன்ன மாதிரி."

"ஏணியை உடைச்சது நான்தான்யா, போதுமா? இப்ப ஆடு!"

கேட்டில் பிள்ளைகள் கைதட்டிய தட்டில் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன. பலகை கம்பீரமாக நின்றது.

பிறகு ராட்டினம். ஒன்பது பேரும் ஏறினோம். டங்கு சொன்னபடியே ஆனது. ஏறிய அடுத்த நொடி இடத்துக்குச் சண்டை. டங்குவின் மனைவி விளிம்பு வேண்டும் என்றாள், அவள் தங்கையும் அதையே கேட்டாள். என் மனைவி ஒரு நாள் மௌனத்தை உடைத்து, "தள்ளி உட்காருங்களேன், உங்க முழங்கை குத்துது" என்று என்னிடம் பேசினாள். டங்கு சுற்றினான். எழுநூற்று இரண்டு கிலோவும் கழிவும் சேர்ந்து சுற்றியது. பத்து நிமிடம், ஒரு முனகல் இல்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் தாளில் சரிக்குறி போட்டார்.

கடைசியாக ஊஞ்சல். லாரி டிரைவர் ஒரு பக்கம், பேக்கரிக்காரன் ஒரு பக்கம். இப்போது இரண்டு பேரும் பேசிக்கொண்டே ஆடினார்கள். நிமிடங்கள் போயின. எட்டு, ஒன்பது, பத்து. அதிகாரி பேனாவைக் கையில் எடுத்துத் தாளின் அடிப்பக்கம் கொண்டுபோனார். வார்டனம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது பார்த்து டங்கு ஊஞ்சல் காலில் காதை வைத்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். முகம் மாறிவிட்டது. சுத்தியலால் ஒரு தட்டு. 'டங்' என்று நீள வேண்டியது, 'டக்' என்று நின்றது.

எனக்கும் கேட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நான் பெரிதாக இருமினேன். "சரி சரி, எல்லாம் முடிஞ்சுது, கையெழுத்து போட்டுருங்கம்மா" என்றேன். லாரி டிரைவரும் கண்ணால் அவனிடம் வேண்டாம் என்றான்.

அவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"மேடம், ஊஞ்சலுக்குக் கையெழுத்து போடாதீங்க."

"ஏன்? தாங்கிடுச்சே. எனக்கு எதுவும் கேட்கலை."

"எனக்குக் கேட்டுச்சு மேடம்."

ஏணியை வைத்து ஏறினான். உச்சிக் குழாயும் காலும் சேரும் மூட்டில் பெயின்டைச் சுரண்டினான். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை, பளபளவென்று இரும்புதான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தடவினான். சற்று நேரம் விட்டுச் சுத்தமாகத் துடைத்தான். பிறகு கீழே பார்த்து, "யாராவது ஒரு சாக்பீஸ் கொடுங்களேன்" என்றான். அணில் கேட்டின் வழியாக ஒரு துண்டு எறிந்தாள். அதை மூட்டின் மேல் வெள்ளையாகப் பூசினான்.

"இப்பப் பாருங்க."

எல்லோரும் தலையை நிமிர்த்திப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு அந்த வெள்ளையின் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு கறுப்புக் கோடு, ஓர் அங்குலத்துக்கு, தானாக வரைந்துகொண்டு வந்தது! கீறலுக்குள் போன மண்ணெண்ணெய் வெள்ளைப் பொடியில் கசிகிறது. அன்றைக்குக் கொக்கி கழன்றபோது முழுப் பாரமும் இந்தப் பக்கம் வெட்டி இழுத்ததில் பெயின்டுக்குள்ளே விழுந்த கீறல். பாரம் ஏறினால்தான் திறக்கும் கீறல் என்பதால் எட்டு மாதமாக யார் கண்ணிலும், டங்குவின் சுத்தியலிலும் படவில்லை.

"இன்னைக்குத் தாங்கும். மழைக்காலம் தாண்டாது" என்றான் டங்கு.

அதிகாரி அட்டையை டங்கு பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நான் கையெழுத்து போடப் போகலை சார். மறுப்பு எழுதப் போனேன்."

வார்டனம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எல்லாம்தான் தாங்கிடுச்சேம்மா!"

"இன்னைக்குத் தாங்கிடுச்சு. அடுத்த மாசம் யாரு பார்ப்பாங்க? வாரா வாரம் பரிசோதிக்கிறவர் யாருன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு. நீங்க அதை வெறுமையா விட்டிருக்கீங்க. அது வெறுமையா இருந்தா எத்தனை சரிக்குறி போட்டும் நான் திறந்துவிட முடியாது. பிள்ளைங்க விழுந்தப்புறம் வர்றதுதான் என் வேலையா?" பிறகு டங்குவைப் பார்த்தார். "இப்ப எழுதலாம். பேர் சொல்லுங்க."

"மேடம், அந்தக் கொக்கியை மூடாம விட்டவன் நான்தான்" என்றான். இவ்வளவு நேரம் கழித்து அதை ஏன் சொல்கிறான் என்று எனக்கு அவனை அறையலாம் போல் இருந்தது.

"தெரியும். வார்டன் எழுதின அறிக்கையில நீங்க சொன்னது அப்படியே இருக்கு. அதுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். பேர்?"

அவன் பேரைச் சொன்னான். கிழமை என்ன என்று கேட்டதற்கு, "தினமும் வர்றேன் மேடம்" என்றான். "வாரம் ஒரு நாள் போதும், ஆனா ஒரு வாரமும் தப்பக் கூடாது" என்றார். செவ்வாய் என்று எழுதினார்கள். ஊஞ்சலின் சங்கிலியை அவனே அந்த இடத்திலேயே கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். மற்ற எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்தது.

வார்டனம்மா கேட்டுக்கு நடந்தார். நடந்தாரா, ஓடினாரா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவசரத்தில் பூட்டில் சாவி திரும்பவில்லை. "அம்மா, சீக்கிரம்! அம்மா, சீக்கிரம்!" என்று பிள்ளைகள் கேட்டை உலுக்கினார்கள். பேக்கரிக்காரன் போய் ஒரே திருகு. கேட் திறந்தது.

ஐயோ, அந்தச் சத்தம்! எட்டு மாதம் அடக்கி வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஓடினார்கள். எங்கே என்று இல்லை, எதற்கு என்று இல்லை, சுவர் வரை ஓடிச் சுவரைத் தொட்டுத் திரும்பி ஓடினார்கள். செருப்பு ஒருபக்கம், ஆள் ஒருபக்கம். நேற்றுவரை சோற்றுத் தட்டுக்கு அடித்துக்கொண்ட இரண்டு பையன்கள் ஒருவன் கையை ஒருவன் பிடித்துக்கொண்டு சறுக்கினார்கள். மாடி அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் எட்டிப் பார்த்தார். "கத்தட்டும் சார், இது கிரவுண்டு!" என்று வார்டனம்மா கீழிருந்து கத்தினார்.

ராட்டினத்தில்தான் தகராறு. நாங்கள் ஒன்பது பேரும் எங்களை மறந்து மறுபடி அதில் ஏறி உட்கார்ந்திருந்தோம். அணில் இடுப்பில் கைவைத்து வந்து நின்றாள்.

"பெருசுங்க எல்லாம் இறங்குங்க! உங்க பரிட்சை முடிஞ்சுது!"

இறங்கினோம். ஆனால் அவள் ராட்டினத்தில் ஏறவில்லை. டங்குவின் தோளில் தொங்கிய சங்கிலியைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நான் இதுலதான் ஆடணும். இதை மட்டும் ஏன் கழட்டினீங்க?"

"இதுக்கு உடம்பு சரியில்லை. செவ்வாய்க்கிழமை சரியாயிடும்."

"யாரு முதல்ல?"

"முதல்ல நான் ஏறுவேன். அப்புறம் நூத்தி நாலு கிலோ ஏறும். அதுக்கப்புறம் நீ."

செவ்வாய்க்கிழமை நானும் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியுமா? டங்கு பழைய மூட்டை அறுத்தெடுத்து, உள்ளே ஒரு தடித்த குழாயைச் செருகிப் புது வெல்டு வைத்திருந்தான். மண்ணெண்ணெய், சாக்பீஸ், காத்திருப்பு. வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. கொக்கியின் வாய்களை அடித்து மூடினான். அணிலைக் கூப்பிட்டு அவள் விரலை அதில் வைத்துத் தடவச் சொன்னான். "இடைவெளி இருக்கா?" "நகம்கூட நுழையலை மாமா." அவன் ஆடினான், லாரி டிரைவர் ஆடினான், பிறகு இறங்கி வழிவிட்டான்.

அணில் ஏறினாள். டங்கு மெதுவாகத் தள்ளினான்.

"இன்னும்!"

தள்ளினான்.

"இன்னும் மாமா!"

உச்சிக்குப் போனபோது அவள் தலை சுவருக்கு மேல் எழும்பியது. கீழே வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம், "என்ன தெரியுது? என்ன தெரியுது?" என்று கத்தினார்கள்.

"லாரி!" என்று கத்திவிட்டுக் கீழே வந்தாள். மறுபடி மேலே. "சைக்கிள்ல ஒருத்தர்!" மறுபடி மேலே. "ஒரு நாய், படுத்திருக்கு!" மறுபடி மேலே. "எழுந்துருச்சு! எழுந்துருச்சு! என்னையே பார்க்குது!"